கூப்பிட்டால் வர யார் இருக்கிறார்கள்? தோட்டத்து வீட்டில் தனியாக இருக்கும் பெற்றோரின் பயம் பற்றி ஒரு கேள்வி

கேள்வி:

எனக்கு 39 வயது. பெங்களூருவில் வேலை பார்க்கிறேன். அண்ணன் ஆஸ்திரேலியாவில் இருக்கிறார். அப்பாவுக்கு 72, அம்மாவுக்கு 66. காங்கேயம் பக்கத்தில் தோட்டத்து வீட்டில் இருவர் மட்டும் இருக்கிறார்கள். பக்கத்துத் தோட்டத்து வீட்டுக்குப் போக முக்கால் கிலோமீட்டர் நடக்க வேண்டும்.

நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது வாசலில் கட்டில் போட்டுப் படுத்துத் தூங்கிய குடும்பம் எங்களுடையது. தோட்டத்து வீடுகளில் முதியவர்கள் கொல்லப்பட்ட பல்லடம் சம்பவத்துக்கும் சிவகிரி சம்பவத்துக்கும் பிறகு எல்லாம் மாறிவிட்டது. அம்மா மாலை ஆறு மணிக்கே கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் பூட்டிவிடுகிறார். நாய் குரைத்தால் எழுந்து உட்கார்ந்துகொண்டு விடியும்வரை படுப்பதில்லை. கல்யாணம், காதுகுத்துக்குக்கூட போவதில்லை. அப்பா நான்கு கேமரா மாட்டியிருக்கிறார், இன்னும் இரண்டு நாய் வாங்கியிருக்கிறார், துப்பாக்கி லைசென்ஸ் கிடைக்குமா என்று விசாரிக்கிறார். ஐந்து வருஷமாகத் தோட்டத்திலேயே தங்கி வேலை செய்த ஒடிசாக் குடும்பத்தை, "யாரை நம்புவது?" என்று சொல்லிக் கணக்கு முடித்து அனுப்பிவிட்டார்.

நான் தினமும் ராத்திரி பத்து மணிக்கு போன் செய்து பூட்டியாயிற்றா என்று கேட்கிறேன். ஏதாவது செய்தி கண்ணில் பட்டால், ஜாக்கிரதையாக இருக்கட்டும் என்று அனுப்பி வைக்கிறேன். என் கணவரோ, குற்றங்கள் குறைந்துகொண்டுதான் வருகின்றன, இது வீண் பயம் என்கிறார். போன வாரம் அம்மா சொன்னார்: "எங்களை யாராச்சும் அடிச்சுப் போட்டாக்கூட நாலு நாளைக்கு ஒருத்தருக்கும் தெரியாது கண்ணு." அன்றிலிருந்து எனக்கும் தூக்கம் இல்லை. இருவரையும் இங்கே அழைத்து வந்துவிடட்டுமா? அம்மாவின் பயத்தைப் போக்க என்ன வழி?

- பெயர் வேண்டாம், பெங்களூரு

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கடிதத்தில் நான் அடிக்கோடு போட்டது ஒரே வரிதான். அது அம்மா சொன்ன வரி. திருடன் வருவானா என்று அவர் கேட்கவில்லை. வந்துவிட்டுப் போனால் யாருக்குத் தெரியும் என்று கேட்கிறார். வீட்டில் மற்ற எல்லோரும் முதல் கேள்விக்கே பதில் தேடிக்கொண்டிருக்கிறீர்கள். அப்பாவின் கேமராவும், உங்கள் கணவரின் புள்ளிவிவரமும், உங்கள் பத்து மணி போனும் அதற்கான பதில்கள்தான். அம்மாவின் கேள்வி அப்படியே கிடக்கிறது.

குற்றவியல் படித்துவிட்டு, குற்றத்தால் பாதிக்கப்பட்ட குடும்பங்களோடு வேலை செய்கிறவன் என்ற முறையில் உங்கள் கணவரின் கட்சியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அவர் சொல்வதில் உண்மை இருக்கிறது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கில் 1992இல் நாடு முழுக்கப் பதிவான கொலை வழக்குகள் 40,000க்கும் மேல். 2022இல் அது 28,522. இடையில் மக்கள்தொகை எவ்வளவு கூடியது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். அந்த 28,522இல் தகராறில் நடந்தவை 9,962. சொந்தப் பகையில் நடந்தவை 3,761. நகைக்காகவும் பணத்துக்காகவும் நடந்த, போலீஸ் மொழியில் சொன்னால் ‘ஆதாயக் கொலைகள்’, 1,884. முகம் தெரியாதவன் ராத்திரி வந்து கொல்வது நாட்டில் அரிதான சாவுகளில் ஒன்று.

சரி, இதை அம்மாவிடம் வாசித்துக் காட்டுங்கள். தலையாட்டிக் கேட்டுவிட்டு ஆறு மணிக்குக் கதவைப் பூட்டப் போய்விடுவார். அவருக்குக் கணக்கு புரியாமல் இல்லை. அவர் போடும் கணக்கு வேறு.

அமெரிக்காவில் 1960களிலிருந்தும், பிறகு பிரிட்டனிலும் மக்களிடம் குற்ற பயம் பற்றிக் கேட்டு வருகிறார்கள். ஆரம்பத்திலேயே ஒரு முரண் கண்ணில் பட்டது. தெருவில் அதிகம் அடிபடுகிறவர்கள், குத்துப்படுகிறவர்கள் இளவயது ஆண்கள். அதிகம் பயப்படுகிறவர்கள் பெண்களும் முதியவர்களும். முதலில் ஆய்வாளர்கள் உங்கள் கணவர் மாதிரியே, இது அறிவுக்குப் பொருந்தாத பயம் என்று எழுதிவைத்தார்கள். பிறகு மார்க் வார் போன்றவர்கள் கேள்வியைச் சரியாகக் கேட்டுப் பார்த்தபோது விஷயம் தெளிவானது. ஒருவர் பயப்படுவது, நடக்க எவ்வளவு வாய்ப்பு என்பதை வைத்து மட்டும் இல்லை. நடந்தால் தன் கதி என்ன என்பதையும் சேர்த்துத்தான். 25 வயதுப் பையனைத் தள்ளிவிட்டால் எழுந்து துரத்துவான். 66 வயதில் கீழே விழுந்தால் இடுப்பெலும்பே உடைந்துபோகும். பெண்களுக்கோ, வீட்டுக்குள் அந்நிய ஆண் நுழைவது என்றாலே நகையோடு முடியாத இன்னொரு பயமும் கூட வருகிறது. அதை அவர்கள் வாய்விட்டுச் சொல்வதும் இல்லை. அதனால் ‘வீண் பயம்’ என்ற சொல்லை இனி வீட்டில் யாரும் பயன்படுத்த வேண்டாம். அப்படிச் சொல்லக் கேட்கிறவர் பயப்படுவதை நிறுத்துவதில்லை, பயத்தைச் சொல்வதை நிறுத்திக்கொள்கிறார்.

இந்தப் பயம் ஏன் இப்போது வந்தது என்று யோசியுங்கள். 1992இல் நாட்டில் கொலைகள் அதிகம், உங்கள் அம்மா வாசலில் படுத்துத் தூங்கினார். இப்போது குறைவு, உள்ளே படுத்தும் தூக்கம் இல்லை. நடுவில் மாறியது வேறு என்னென்னவோ.

ஒன்று, அந்த இரண்டு சம்பவங்களின் சாயல். 2024 நவம்பர் கடைசியில் பல்லடம் அருகே தோட்டத்து வீட்டில் வயதான தம்பதியும் மகனும் கொல்லப்பட்டார்கள். 2025 ஏப்ரல் கடைசியில் சிவகிரி அருகே, அதுவும் தோட்டத்து வீடு, அதுவும் வயதான தம்பதி. தன்னைப் போன்றவருக்கு, தன் வீடு போன்ற வீட்டில் நடந்தது என்றால்தான் செய்தி பயமாக மாறுகிறது. சென்னையில் ரவுடிகள் ஒருவரை ஒருவர் வெட்டிக்கொண்ட செய்தியை உங்கள் அம்மா காபி குடித்துக்கொண்டே கேட்டிருப்பார். இது அப்படி இல்லை. அந்த வீட்டுப் படத்தில் இருந்த களத்து வாசலும் ஓட்டுச் சாய்ப்பும் மாட்டுக் கட்டுத்தறியும் அவர் வீட்டில் இருப்பவை. போதாததற்கு, முதல் சம்பவத்துக்கும் இரண்டாவதற்கும் இடையில் ஐந்து மாதம் யாரும் பிடிபடவில்லை. யார் என்று தெரியாத குற்றம் எல்லோர் வீட்டு வாசலிலும் நிற்கும்.

இன்னொன்று, கதைகள் பயணிக்கும் விதம். அமெரிக்க நகரங்களில் வெஸ்லி ஸ்கோகனும் மைக்கேல் மேக்ஸ்ஃபீல்டும் 1981இல் வெளியிட்ட ஆய்வில், குற்றத்துக்கு நேரடியாக ஆளானவர்களைவிட அதைப் பற்றிக் கேள்விப்பட்டவர்கள் பல மடங்கு என்பதையும், அப்படிக் கேள்விப்படுவதுதான் பயத்தை அக்கம்பக்கத்தில் பரப்புகிறது என்பதையும் காட்டினார்கள். வாய்வழியாக அதிக தூரம் போவது முதியவர்களும் பெண்களும் பாதிக்கப்பட்ட கதைகள்தான். அப்புறம் தொலைக்காட்சி. அதிக நேரம் அதன் முன் உட்காருகிறவர்கள் உலகத்தை இருப்பதைவிடக் கொடியதாக எண்ணத் தொடங்குகிறார்கள் என்று அமெரிக்க ஊடக ஆய்வாளர் ஜார்ஜ் கெர்ப்னர் 1970களிலேயே சொன்னார். அவர் காலத்தில் பெட்டி வரவேற்பறையில் இருந்தது. இப்போது அம்மாவின் தலையணைக்குப் பக்கத்தில் இருக்கிறது, அதில் செய்தி அனுப்புகிறவர் பெற்ற மகள். நான் குறை சொல்லவில்லை. அக்கறையில்தான் அனுப்புகிறீர்கள். ஆனால் டி.வி.யில் யாரோ சொல்வதை அம்மா பாதி நம்புவார். பெங்களூருவில் படித்து வேலை பார்க்கும் மகள் அனுப்பினால், அது முழுக்க உண்மை, அதுவும் தனக்கான எச்சரிக்கை என்றுதான் எடுத்துக்கொள்வார்.

ஆனால் இவை எல்லாவற்றையும்விடப் பெரியது மூன்றாவது. அது எந்தச் செய்தியிலும் வராது.

நீங்கள் சின்னப் பெண்ணாக இருந்தபோது அந்தத் தோட்டத்தில் ராத்திரி எத்தனை பேர் இருந்தார்கள் என்று எண்ணிப் பாருங்கள். தாத்தா பாட்டி இருந்திருப்பார்கள். சித்தப்பா குடும்பம் பங்கு பிரிந்தும் அதே களத்தை ஒட்டி இருந்திருக்கும். பண்ணையத்து ஆள் ஒருவர் சாளையில் படுத்திருப்பார். பட்டியில் ஆடு கிடந்தால் அதற்குக் காவலாக ஒரு ஆள். மோட்டார் ஓட்ட மூன்று ஃபேஸ் கரண்டு ராத்திரியில்தான் வரும் என்றால், தண்ணீர் பாய்ச்சப் போகிறவர்களால் வரப்பு முழுக்க டார்ச் லைட் வெளிச்சம் நடமாடும். கிளுவை வேலிக்கு அந்தப் பக்கம் யார் இருமினாலும் இன்னார் என்று அம்மாவுக்குத் தெரியும். வாசலில் கட்டில் போட்டுத் தூங்கிய தைரியம் அம்மாவுடையது மட்டுமல்ல. சுற்றிப் படுத்திருந்த பத்துப் பதினைந்து பேருடையது.

பிறகு ஒவ்வொருவராகக் கழன்றார்கள். பண்ணையத்து ஆளின் பிள்ளைகள் திருப்பூர் பனியன் கம்பெனிக்கும் மில்லுக்கும் போனார்கள். அவர்கள் போனது நல்லதுதான், அந்தப் பழைய பண்ணைய வாழ்க்கை அவர்களுக்குச் சுகமாக ஒன்றும் இருக்கவில்லை. சித்தப்பா டவுனில் வீடு கட்டினார். அண்ணன் விமானம் ஏறினார், நீங்கள் பெங்களூரு வந்தீர்கள். பக்கத்துப் பூமியை யாரோ வாங்கிக் கம்பிவேலி போட்டுப் பூட்டி வைத்திருக்கிறார், அவர் முகத்தை அம்மா பார்த்ததே இல்லை. எல்லாமே நல்ல காரியங்களாக, முன்னேற்றமாகத்தான் நடந்தன. கூட்டிக் கழித்தால் முக்கால் கிலோமீட்டர் இருட்டும் இரண்டு பேரும் மிச்சம்.

பிரிட்டனில் ஸ்டீஃபன் ஃபாரல், ஜொனதன் ஜாக்ஸன் போன்ற ஆய்வாளர்கள் குற்ற பயத்தைக் கிளறிப் பார்த்தபோது, அதற்குள் குற்றத்தைவிட மற்றவைதான் அதிகம் இருந்தன. ஊர் மாறிவிட்டது, யாரும் யாரையும் கண்டுகொள்வதில்லை, பிள்ளைகள் வளரும் விதம் சரியில்லை என்ற கவலைகள் எல்லாம் ‘திருட்டு பயம்’ என்ற ஒரே பெயரில் வெளியே வந்தன. அம்மா உங்களிடம் "நீயும் அண்ணனும் போனபின் தனியாகிவிட்டேன்" என்று ஒருநாளும் சொல்லமாட்டார். சொன்னால் உங்களைக் குற்றம் சொன்ன மாதிரி ஆகும். "நாலு நாளைக்கு ஒருத்தருக்கும் தெரியாது" என்று சொல்லலாம். அதில் யார் மேலும் பழி இல்லை.

அதோடு, அது கற்பனையும் இல்லை. சிவகிரி தம்பதியின் சாவு வெளியே தெரியவே சில நாளானது. உங்கள் அம்மா அந்தச் செய்தியில் பிடித்துக்கொண்டது அரிவாளையோ பவுன் கணக்கையோ அல்ல என்று நினைக்கிறேன். அந்தச் சில நாட்களைத்தான்.

இப்போது அப்பா விஷயத்துக்கு வருகிறேன். இங்கே கொஞ்சம் கடுமையாகவே பேசப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஒடிசாக் குடும்பத்தை அனுப்பியது தவறு. நியாயப்படியும் தவறு, பாதுகாப்புக் கணக்குப்படியும் தவறு.

சிவகிரி வழக்கில் 2025 மே மாதம் போலீஸ் கைது செய்தது அதே ஈரோடு மாவட்டத்துக்காரர்களை. பல்லடம் கொலைகளிலும் அவர்களுக்குத் தொடர்பு என்று போலீஸ் சொன்னது. குற்றம் நிரூபணமாவது நீதிமன்றத்தின் வேலை, அதற்குள் நான் போகவில்லை. ஆனால் அந்த ஐந்து மாதமும் நம் பக்கத்தில் எல்லோருடைய விரலும் எந்தப் பக்கம் நீண்டிருந்தது? ‘வடக்கத்திக்காரன்’ பக்கம்தான். பயத்துக்கு ஒரு முகம் தேவைப்படுகிறது. ஆளைத் தெரியாதபோது, ஊருக்குப் புதிதாக, வேறு மொழி பேசுகிறவராக, எதிர்த்துக் கேட்க முடியாதவராக யார் இருக்கிறாரோ அவர் முகத்தை எடுத்து மாட்டிவிடுகிறோம். இது எந்த நாட்டிலும் நடப்பது, நம்மூர் மட்டும் விலக்கில்லை.

2018 மே மாதம் நினைவிருக்கிறதா? பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருக்கிறார்கள் என்று வாட்ஸப்பில் ஒரு புரளி வடமாவட்டங்கள் முழுக்கச் சுற்றியது. திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கம் அத்திமூரில், சென்னையிலிருந்து குலதெய்வக் கோயிலுக்குப் போன குடும்பம் ஒன்று வழி கேட்க வண்டியை நிறுத்தியது. அங்கிருந்த குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார்கள். ஊர் திரண்டு அடித்ததில் 65 வயதுப் பெண் ஒருவர் இறந்துபோனார். ஏறக்குறைய உங்கள் அம்மாவின் வயது. அடித்தவர்கள் யாரும் கொலை செய்யக் கிளம்பி வந்தவர்கள் இல்லை, பயந்துபோன தகப்பன்மார்கள், மாமன்மார்கள். நாட்டின் பல பகுதிகளில் இப்படி நடந்தபிறகுதான் அந்த வருஷம் ஜூலையில் வாட்ஸப் நிறுவனம் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் அனுப்ப முடியாதபடி செய்தது.

2023 மார்ச்சில் இதே பயம் எதிர்த்திசையில் அடித்தது. தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்களை வெட்டுகிறார்கள் என்று எங்கெங்கோ எடுத்த வீடியோக்களை ஒட்டிப் பரப்பினார்கள். பீகாரிலிருந்து அதிகாரிகள் குழு வந்து பார்த்து, அப்படி எதுவும் இல்லை என்று சொல்லும் அளவுக்குப் போனது. அதற்குள் திருப்பூர், கோவை ரயில் நிலையங்களில் மூட்டை முடிச்சோடு கூட்டம் நின்றது. உங்கள் தோட்டத்திலிருந்த குடும்பமும் அந்த வாரம் பயந்திருக்கும். அப்போது உங்கள் அம்மாதான் "நாங்க இருக்கோம், போகாதீங்க" என்று சொல்லியிருப்பார் என்று எனக்கு ஒரு ஊகம். கேட்டுப் பாருங்கள்.

நியாயத்தை விடுங்கள், கணக்கை மட்டும் பாருங்கள். ஐந்து வருஷமாகக் கூடவே இருந்த குடும்பம். புருஷன், மனைவி, ஒரு குழந்தை என்று வைத்தால்கூட, அந்தத் தோட்டத்தில் சத்தம் போட்டால் எழுந்து வரக்கூடிய ஒரே ஆட்கள் அவர்கள்தான். தனி வீடு தேடி வருகிறவன் முதலில் பார்ப்பது, எத்தனை பேர் இருக்கிறார்கள், விளக்கு எங்கெல்லாம் எரிகிறது என்பதைத்தான். அப்பா பயத்துக்கு மருந்தாக நினைத்து, இருந்த ஆட்களையும் குறைத்துவிட்டார். முடிந்தால் அவர்களையே கூப்பிடுங்கள். போனதை மனதில் வைத்து வரமாட்டார்கள் என்றால் வேறு குடும்பத்தைத் தங்க வையுங்கள். ஆதார் நகலும் போட்டோவும் வாங்கி வைப்பது, தொழிலாளர் துறையில் பதிவு செய்வது எல்லாம் சரியான காரியம்தான், உள்ளூர்க்காரர் என்றாலும் செய்யுங்கள். அதோடு அவர்கள் ஊர்ப் பெயர், குழந்தை பெயர், அவர்கள் வீட்டார் போன் நம்பர் எல்லாம் அம்மாவுக்குத் தெரிந்திருக்கட்டும்.

துப்பாக்கி வேண்டாம். ராத்திரி தூக்கம் கெட்டு, நாய் குரைத்தால் பதறி எழும் இரண்டு பேர் இருக்கும் வீட்டில் குண்டு போட்ட துப்பாக்கி இருந்தால், அது திருடனைவிட மோட்டார் போடப் போன ஆளுக்கும், சொல்லாமல் ராத்திரி பஸ்ஸில் வந்திறங்கும் உங்களுக்கும்தான் ஆபத்து.

கேமரா இருக்கட்டும், ஆனால் அது செய்வது நடந்ததைப் பதிவதுதான். ஒரு விஷயம் கேட்கிறேன், அந்த கேமராக் காட்சியை உங்கள் போனிலும் இணைத்திருக்கிறீர்களா? இரவு இரண்டு மணிக்கு விழிப்பு வந்தால் எடுத்துப் பார்க்கிறீர்களா? ஆம் என்றால், ராத்திரி அறிவிப்புகளை அணைத்துவிடுங்கள். கறுப்பு வெள்ளையில் பூச்சி பறப்பதையும் பூனை தாண்டுவதையும் பெங்களூருவிலிருந்து காவல் காத்து ஆகப்போவது ஒன்றும் இல்லை.

அம்மாவின் கேள்விக்கு வருவோம். நாலு நாள் என்பதை எப்படி ஒரு மணி நேரமாக்குவது?

உங்கள் வீட்டில் மாடு இருக்கிறதா என்று எழுதவில்லை. காங்கேயம் பக்கத் தோட்டம் என்பதால் இருக்கும் என்றே வைத்துக்கொள்கிறேன். பால் ஊற்றும் சொசைட்டிக்குக் காலையும் மாலையும் பால் போகும். கேனை யார் கொண்டுபோனாலும், உங்கள் வீட்டுப் பால் வரவில்லை என்றால் ஏழு மணிக்குள் அங்கே அளக்கிறவருக்குத் தெரிந்துவிடும். அவரிடம் போய்ப் பேசுங்கள். "எங்க வீட்டுப் பால் வரலைன்னா அம்மாவுக்கு ஒரு போன் போடுங்க, எடுக்கலைன்னா எனக்குப் போடுங்க." இவ்வளவுதான். மாடு இல்லை என்றால் பேப்பர் போடுகிறவர், தண்ணி திறந்துவிடுகிறவர், டவுன் பஸ் கண்டக்டர், யாரோ ஒருவர் அந்த வழியில் தினமும் போவார். மாலைக்கு ஒரு ஏற்பாடு வேண்டும். முக்கால் கிலோமீட்டர் தள்ளி இருக்கிறவர்களும் வயதானவர்கள்தானே? அந்த வட்டாரத்தில் இப்படித் தனியாக இருக்கும் நாலைந்து தோட்டத்து வீடுகள் சேர்ந்து, படுக்கப்போகும் முன் ஆளுக்கு ஆள் ஒரு போன் என்று சுற்று வைத்துக்கொள்ளலாம். போன் சுற்று வாட்ஸப் குழுவாக மாறிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரே வாரத்தில் அதில் கொலை வீடியோ வந்துவிடும்.

இது உணர்ச்சிவசப்பட்ட யோசனை இல்லை. ராபர்ட் சாம்ப்ஸன் குழுவினர் சிகாகோவில் 343 குடியிருப்புப் பகுதிகளில் 8,782 பேரிடம் பேசி 1997இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. ஏழ்மை முதலானவற்றைக் கணக்கில் எடுத்துக் கழித்த பிறகும், அக்கம்பக்கத்தார் ஒருவரை ஒருவர் நம்பி, ஏதாவது என்றால் தலையிடுவார்கள் என்ற எதிர்பார்ப்பு இருந்த பகுதிகளில் வன்முறை குறைவாக இருந்தது. நெருங்கிய நட்புகூட வேண்டியதில்லை. ‘கேட்பார்கள்’ என்ற நம்பிக்கை போதும்.

போலீஸ் விஷயத்திலும் இதே கதைதான். அமெரிக்காவின் நியூவார்க் நகரில் 1970களின் கடைசியில் சில பகுதிகளில் போலீஸ்காரர்களை வண்டியை விட்டு இறக்கி நடந்து ரோந்து போகச் சொன்னார்கள். 1981இல் வந்த முடிவு வேடிக்கையானது. குற்றம் குறையவில்லை. மக்களின் பயம் குறைந்தது. தெரிந்த முகம் ஒன்று வாசல் வழியாகப் போவதே காரணம். நம்மூரில் ரோந்து வரும் போலீஸ்காரர் வீட்டு வாசலில் மாட்டிய ‘பட்டா புத்தகம்’ என்ற ரோந்துக் குறிப்பேட்டில் கையெழுத்துப் போடுவதும் அதே வேலையைத்தான் செய்தது. சிவகிரிக்குப் பிறகு கொங்கு மாவட்டங்களில் தனித்த தோட்டத்து வீடுகளுக்கு ரோந்தைக் கூட்டினார்கள். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது அப்பாவோடு காவல் நிலையம் போய், வீட்டை அந்தப் பட்டியலில் சேர்க்கச் சொல்லுங்கள். உங்கள் பகுதிக்கு ரோந்து வருகிறவரின் பெயரையும் நம்பரையும் கேட்டு வாங்குங்கள். ஒருநாள் அவருக்கு அம்மா கையால் மோர் கொடுக்கட்டும். 112 எண்ணையும், ‘காவல் உதவி’ செயலியையும் அப்பா போனில் போட்டுக் கொடுத்து, எப்படி அழுத்துவது என்று காட்டிக் கொடுங்கள்.

மற்றவை சின்ன வேலைகள். வீட்டு நகை வங்கி லாக்கருக்குப் போகட்டும். அம்மா தாலிக்கொடியைக் கழற்றமாட்டார், வற்புறுத்தாதீர்கள். மஞ்சள் கயிற்றுக்கு மாற்றிக்கொண்டாலும் அது அவர் விருப்பம். தேங்காய் போட்ட பணம், மாடு விற்ற பணம் வங்கிக் கணக்கில் வரட்டும். களத்து விளக்கும் பின்பக்க விளக்கும் படுக்கைக்குப் பக்கத்திலிருந்தே போடும்படி ஒரு சுவிட்ச் வையுங்கள், செலவு குறைவு. கதவைத் திறக்காமல், எழுந்து போகாமல் வெளியே வெளிச்சம் போட முடிகிறது என்பது ராத்திரி நாய் குரைக்கும்போது பெரிய தைரியம்.

ஆறு மணிக்கே ஜன்னலைக்கூடப் பூட்டிக்கொள்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். சித்திரை வெயிலில் அது எனக்குத் திருடனைவிடக் கவலை. 1995 ஜூலையில் சிகாகோவில் சில நாள் கடும் வெப்பம் அடித்தபோது 700க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பெரும்பாலும் முதியவர்கள், தனியாக வாழ்ந்தவர்கள். திருட்டு பயத்தில் ஜன்னலைத் திறக்காமல், வெளியே இறங்காமல் உள்ளேயே வெந்துபோனவர்கள் அதில் பலர். ஜன்னல்களுக்கு நல்ல கம்பியும் வலையும் போட்டுத் திறந்து வைக்கச் சொல்லுங்கள்.

பெங்களூருவுக்கு அழைத்து வருவது பற்றி. இரண்டு மாதம் தங்க வரட்டும், சந்தோஷம். பயத்துக்குத் தீர்வாக நிரந்தரமாகக் கொண்டுவருவதை நான் ஆதரிக்கமாட்டேன். அம்மாவுக்குக் குறைவாக இருப்பது ஆள். நீங்களும் கணவரும் காலையில் கிளம்பிப் போனால், மொழி தெரியாத அடுக்குமாடியில் அவருக்கு அந்தக் குறை இன்னும் கூடும். மாடும் இல்லை, பேச ஆளும் இல்லை, எதிர்வீட்டுக் கதவு எப்போதும் சாத்தியிருக்கும். உடம்பு முடியாமல் போய், அவர்களே கேட்டு வந்தால் அது வேறு விஷயம்.

கடைசியாக உங்கள் பத்து மணி போன். அதை மாற்றுங்கள். தூங்கப்போகும் நேரத்தில் "பூட்டியாச்சா, பின்கதவு பூட்டியாச்சா, நாயை அவிழ்த்துவிட்டாச்சா" என்று கேட்டால், பயத்தைத் தினமும் ஒருமுறை கைபிடித்து உள்ளே கூட்டிவருகிற மாதிரிதான். ஏழு மணிக்குப் பேசுங்கள். என்ன சமையல், கன்று எப்படி இருக்கிறது, யார் வீட்டு விசேஷம் என்று பேசுங்கள். செய்தி அனுப்புவதை முழுக்க நிறுத்துங்கள். அவரே பயத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் தடுக்க வேண்டாம். "பயமா இருக்கா?" என்று கேட்காமல், "போன வாரம் எந்தெந்த ராத்திரி தூக்கம் வரலை, என்ன சத்தம் கேட்டுச்சு?" என்று கேளுங்கள். அப்படிக் கேட்டால், எல்லா ராத்திரியும் என்று நினைத்தது இரண்டு ராத்திரியாகச் சுருங்குவதும் உண்டு. சுருங்காமல், நிஜமாகவே எல்லா ராத்திரியும் என்று தெரிந்தால் அதுவும் நமக்கு வேண்டிய தகவல்தான்.

ஏனென்றால் பயத்தில் இரண்டு வகை உண்டு. விளக்கைப் போட்டு, கதவைச் சாத்தி, கவனமாக இருந்துவிட்டு, அப்புறம் தூங்க விடுகிற பயம் ஒன்று. அது இருக்கட்டும், தோட்டத்து வீட்டில் அது தேவைதான். சோறு இறங்காமல், நெஞ்சு படபடத்து, விசேஷத்துக்குக்கூடப் போக விடாமல் வீட்டோடு கட்டிப்போடுகிற பயம் இன்னொன்று. மேலே சொன்ன ஏற்பாடுகளைச் செய்து ஒன்றிரண்டு மாதம் கழித்தும் அம்மா இரண்டாவது வகையிலேயே இருந்தால், மனநல மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. 14416 என்ற அரசின் ‘டெலி மனஸ்’ மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. ரத்த அழுத்தம், தைராய்டு இரண்டையும் அதற்கு முன்பே ஒருமுறை பார்த்துவிடுங்கள், 66 வயதில் தூக்கம் கெட அவையும் காரணமாகலாம்.

அப்பா கேமராவைப் பற்றிப் பேசுகிற அளவுக்குத் தன்னைப் பற்றிப் பேசமாட்டார் என்று உங்கள் கடிதத்திலிருந்து தெரிகிறது. துப்பாக்கி லைசென்ஸ் கேட்டு அலைகிறவருக்கும் ராத்திரி தூக்கம் இருக்காது. அவரிடமும் தனியாகக் கேளுங்கள்.